தண்ணீர் பீச்சவில்லையா? ஊசி, ஆசிட், ரிப்பேர் கிட், புது பம்ப்: எதற்கு எப்போது செலவழிப்பது

கார்ப்பெட் கிளீனிங் மெஷினில் தண்ணீர் சோகையாக வந்தால் எங்கள் தொழிலில் உடனே கேட்கும் வார்த்தை, "பம்ப் போச்சு". அதை நம்பி நானும் ஒரு முறை புது பம்ப் வாங்கி மாட்டினேன். பிறகும் வாண்டிலிருந்து, அதாவது ட்ரிக்கர் அழுத்திப் பீச்சும் கைக்குழாயிலிருந்து, அதே சோகைத் தண்ணீர்தான். கழற்றிப் பார்த்தால் ஹோஸ் முனையில் சட்டென்று மாட்டிக் கழற்றும் இணைப்பான குவிக் கப்ளருக்குள் வெள்ளையாக உப்புப் படிந்து, துவாரம் பாதிக்கு மேல் மூடிக் கிடந்தது. நல்ல பம்ப் ஒன்றைக் கழற்றிப் போட்டுவிட்டேன் என்ற வருத்தம் இன்னும் இருக்கிறது. சோபா, கார்ப்பெட் கழுவும் வேலைக்குப் புதிதாக வந்திருப்பவர்கள் அதே செலவைச் செய்ய வேண்டாம்.

ஊசி, ஆசிட், ரிப்பேர் கிட், புது பம்ப் என்ற நான்கு வழிகளில் எதைத் தேர்ந்தெடுப்பது என்று யோசிக்கும் முன் அளந்து பார்க்க வேண்டும். அதற்கு ஒரு பிரஷர் கேஜும் ஒரு வாளியும் போதும். மெஷினின் அவுட்லெட்டுக்கும் ஹோஸுக்கும் நடுவில் ஒரு டீ (T வடிவ இணைப்பு) போட்டு கேஜை மாட்டுங்கள். வாக்குவத்தை அணைத்துவிட்டு, ட்ரிக்கரை அழுத்திப் பிடித்து ஒரு நிமிடம் வாளிக்குள் பீச்சுங்கள். ட்ரிக்கரை விட்டிருக்கும்போது கேஜ் காட்டும் எண்ணை வைத்து முடிவு செய்யாதீர்கள். தண்ணீர் ஓடாதபோது நோஞ்சான் பம்ப்கூட நல்ல எண் காட்டும்.

கேஜில் அழுத்தம் நன்றாக இருந்து வாளியில் தண்ணீர் குறைந்தால், அடைப்பு கேஜுக்கு அந்தப் பக்கம்: ஹோஸ், கப்ளர், வாண்ட் ஃபில்டர் அல்லது ஜெட் (வாண்ட் முனையில் தண்ணீரை விசிறியாகப் பீச்சும் சிறு மூக்கு). கேஜும் வாளியும் சேர்ந்து குறைந்தால் கோளாறு பம்பிலோ அதற்கு முன்னாலோ இருக்கிறது. கேஜில் குறைவாகக் காட்டி, வாளியில் வழக்கத்தைவிட அதிகமாக நிரம்பினால் ஜெட் துவாரம் தேய்ந்து பெரிதாகிவிட்டது. கேஜ் முள் நடுங்கி, தண்ணீர் விட்டு விட்டு வந்தால் முதலில் பம்புக்குள் காற்று புகுகிறதா என்று சந்தேகியுங்கள்.

வாளியில் எவ்வளவு நிரம்ப வேண்டும் என்பது ஜெட்டின் மேலேயே இருக்கிறது. 11002 என்று பொறித்திருந்தால், 110 டிகிரி விசிறியாகப் பீச்சும், 40 பிஎஸ்ஐ அழுத்தத்தில் நிமிடத்துக்கு 0.2 அமெரிக்க கேலன், அதாவது சுமார் 760 மில்லி விடும் என்று அர்த்தம். 100 பிஎஸ்ஐயில் அதே ஜெட் சுமார் 1.2 லிட்டர் விடும். அழுத்தம் இரண்டரை மடங்கு கூடியும் தண்ணீர் 1.6 மடங்குதான் கூடுகிறது, கவனியுங்கள். ஆகவே தண்ணீர் போதவில்லை என்று அழுத்தத்தை ஏற்றிக்கொண்டே போவதில் பெரிய லாபம் இல்லை. கார்ப்பெட்டின் அடித்துணி ஊறி நாற்றம் பிடிப்பதுதான் மிச்சம். கார்ச்சர் புஸ்ஸி 10/1 போன்ற சிறிய மெஷின் வைத்திருப்பவர்கள் இந்த 100 பிஎஸ்ஐ கணக்கைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். அது 1 பார், அதாவது சுமார் 14.5 பிஎஸ்ஐ அழுத்தத்தில் நிமிடத்துக்கு 1 லிட்டர் விடுவதற்கென்றே செய்யப்பட்டது.

இனி வழிகளுக்கு வருவோம். ஊசியால் ஜெட்டைக் குத்துவது எல்லோரும் செய்வது, உடனே பலனும் தெரியும். ஆனாலும் நான் வேண்டாம் என்பேன். பித்தளை ஜெட் மென்மையானது. ஊசி ஒரு கீறல் போட்டால் விசிறி ஒரு பக்கம் சாய்ந்து, கார்ப்பெட்டில் கோடு கோடாக ஈரம் விழும். ஜெட்டைக் கழற்றி, பழைய டூத் பிரஷால் தேய்த்து, பின்னோக்கிக் காற்று அடித்தால் போதும். தேய்ந்த ஜெட்டுக்கு மாற்றுவதைத் தவிர வேறு வைத்தியம் இல்லை. மாற்றும்போது ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் ஜெட் வாங்குங்கள், பித்தளையைவிட நாள் தாங்கும்.

சென்னை போன்ற ஊரில் நான் அதிகம் நம்புவது ஆசிட் ஓட்டத்தைத்தான், அதாவது ஆசிட் கரைசலை மெஷின் வழியாக ஓட்டி உப்பைக் கரைப்பது. வாடிக்கையாளர் வீட்டில் போர் தண்ணி வருமா, லாரி தண்ணி வருமா என்பது நம் கையில் இல்லை. குடிநீரில் கடினத்தன்மை லிட்டருக்கு 200 மில்லிகிராம் வரை இருக்கலாம், வேறு ஆதாரம் இல்லாவிட்டால் 600 வரை போகலாம் என்கிறது இந்தியத் தர நிர்ணயம் ஐஎஸ் 10500. ஆக, குடிக்கத் தகுந்த தண்ணீரே கப்ளருக்குள் உப்பைப் படியவிடும்.

எந்த ஆசிட் என்பதிலும் போட்டி உண்டு. வினிகரில் அசிட்டிக் ஆசிட் சுமார் 5 சதவீதம்தான். ஒரு டேங்க் அளவுக்கு வாங்கினால் செலவு, நெடி வேறு. மளிகைக் கடையில் எலுமிச்சை உப்பு என்று கிடைக்கும் சிட்ரிக் ஆசிட்டை 10 லிட்டர் வெதுவெதுப்பான தண்ணீரில் 200 கிராம் கரைத்தால் வேலை முடிந்தது. கையேட்டில் ஆசிட் கூடாது என்று இல்லாவிட்டால் எனக்கு இதுதான். பாத்ரூம் ஆசிட்டைக் கிட்டேயே கொண்டுவராதீர்கள். ஸ்டெயின்லெஸ் ஸ்டீலையே குழி குழியாக அரிக்கக்கூடியது அது. எந்த ஆசிட்டாக இருந்தாலும் பிளீச் படிந்த டேங்கில் ஊற்றக் கூடாது, குளோரின் வாயு கிளம்பும்.

முக்கியமான விஷயம்: ஆசிட் ஓட்டும் முன் ஜெட்டைக் கழற்றிவிடுங்கள். இல்லையென்றால் ஹோஸில் பெயர்ந்த உப்புச் செதில் எல்லாம் நேராக ஜெட்டில் போய் அடைக்கும். வாண்ட் முனையில் கரைசல் வந்ததும் நிறுத்தி, அரை மணி நேரம் விட்டு, இரண்டு டேங்க் நல்ல தண்ணீர் ஓட்டுங்கள். பஞ்சும் முடியும் ஆசிட்டில் கரையாது. அதற்கு ஃபில்டரைக் கழற்றிக் கையால்தான் எடுக்க வேண்டும்.

கேஜ், வாளி இரண்டும் குறைந்தால் மட்டுமே பம்ப் பக்கம் போகலாம். அப்போதும் பம்பின் உறிஞ்சு ஹோஸைக் கழற்றி, வேறொரு சிறு ஹோஸ் மாட்டி நேராக ஒரு வாளித் தண்ணீரில் விட்டுப் பாருங்கள். அழுத்தம் திரும்பினால் டேங்க் ஃபில்டரோ, கிளிப் தளர்ந்த இடமோ, வெடித்த ஓ ரிங்கோதான் (இணைப்பில் கசிவைத் தடுக்கும் ரப்பர் வளையம்) காரணம். எக்ஸ்டென்ஷன் வயரையும் ஒதுக்கிவிட்டு நேராக பிளக்கில் சொருகிப் பாருங்கள். நீளமான மெல்லிய வயரில் வோல்டேஜ் விழுந்து மோட்டார் மெதுவாகச் சுற்றும்.

அதற்குப் பிறகும் மாறாவிட்டால்தான் ரிப்பேர் கிட்டா, புது பம்பா என்ற கேள்வி. டயாஃப்ரம் பம்பில் (உள்ளே ரப்பர் சவ்வு அசைந்து தண்ணீரைத் தள்ளும் பம்ப்) மோட்டார் நன்றாக இருந்தால், சவ்வு, வால்வு போன்ற மாற்று உதிரிகள் அடங்கிய கிட்தான் என் தேர்வு. வால்வில் குப்பை சிக்கியிருந்தால் கிட்கூட வேண்டாம், பிரித்துக் கழுவினாலே போதும். பம்ப் தலைக்கும் மோட்டாருக்கும் நடுவில் தண்ணீர் கசிந்தால் டயாஃப்ரம் கிழிந்திருக்கலாம், கிட் போடுங்கள். அந்தத் தண்ணீர் மோட்டாருக்குள் இறங்கியிருந்தாலோ, கருகிய வாசனை வந்தாலோ, பேரிங் அலறினாலோ கிட் வீண் செலவு. அப்போது தயங்காமல் புது பம்ப் வாங்குங்கள். வாங்கும்போது பழைய பம்பின் அழுத்தத்தையும் நிமிட அளவையும் பார்த்து அதே அளவில் எடுங்கள்.

என் மெஷின் மூடியின் உள்பக்கம் மார்க்கரில் எழுதியிருக்கிறேன்: 2 ஜெட், 100 பிஎஸ்ஐ, 2.4 லிட்டர். மாதம் ஒரு முறை வாளி வைத்துப் பார்ப்பேன். 2 லிட்டருக்குக் கீழே போனால் முதலில் கழற்றுவது கப்ளரைத்தான்.