கூகுள் கிளாஸ்ரூம்: கொடுக்காத அசைன்மென்ட்டுக்கு எத்தனை மார்க்?

வீட்டுப்பாடம் அனுப்பவும் வாங்கவும் கிளாஸ்ரூம் நல்ல கருவி. மார்க் போடவும் அதையே நம்புவதாக இருந்தால், மாணவர் கொடுக்காமல் விட்ட வேலையை அது எப்படிக் கணக்கில் எடுக்கிறது என்பதை முதலில் பார்த்துவிட வேண்டும். இந்த மதிப்புரை அதை மட்டும்தான் பார்க்கிறது.

விடுபட்ட வேலைக்கான அமைப்பை மாற்றாமல் விட்டால், கெடு தாண்டியதும் மாணவர் பெயருக்கு எதிரே 'மிஸ்ஸிங்' என்று சிவப்பில் விழும். மார்க் கட்டம் காலியாகவே கிடக்கும். காலிக் கட்டம் மொத்தக் கணக்கில் சேராது. சிக்கலே இதுதான். 10 மார்க் வீதம் 10 அசைன்மென்ட் என்று வைத்துக்கொள்வோம். பத்தையும் முடித்து எல்லாவற்றிலும் 9 வாங்கியவருக்கு 90 சதவீதம். இரண்டை மட்டும் கொடுத்து அவற்றில் 9 வாங்கியவருக்கும் அதே 90 சதவீதம். எட்டு வேலைகளைச் செய்யாதது கணக்கில் எங்கேயும் தெரியாது. ஒழுங்காக உழைத்த பிள்ளைக்கு இது அநியாயம்.

இதைச் சரிசெய்ய வழி இருக்கிறது. வகுப்பின் அமைப்புகளில் கிரேடிங் பகுதிக்குப் போனால், விடுபட்ட வேலைக்குத் தானாக ஒரு மார்க் போடும் வசதி உண்டு. எத்தனை சதவீதம் என்று நாம்தான் குறிக்க வேண்டும். கெடு முடிந்ததும் அந்த மார்க் டிராஃப்டாக விழும். ஆசிரியர் 'ரிட்டர்ன்' கொடுக்கும்வரை மாணவருக்குத் தெரியாது.

அந்தக் கட்டத்தில் என்ன எண் போடுவது? அமெரிக்கப் பள்ளிகள் பலவற்றில் சுழியம் வேண்டாம், 50 போடுங்கள் என்ற வாதம் வலுவாக இருக்கிறது. அங்கே அதற்குக் காரணம் உண்டு. 60-க்குக் கீழே எல்லாமே 'எஃப்' என்பதால் 50 வாங்கினாலும் தோல்விதான். ஒரே ஒரு சுழியம் சராசரியை அதலபாதாளத்துக்கு இழுப்பது மட்டும் தவிர்க்கப்படுகிறது. அதே 50-ஐ நம் ஊருக்குத் தூக்கி வந்தால் கதை வேறு. மாநிலப் பாடத்திட்டத்தில் தேர்ச்சிக்கு 35, சிபிஎஸ்இயில் 33. ஒரு வரிகூட எழுதாத மாணவர் 50 வாங்கித் தேறிவிடுவார்! இரண்டை மட்டும் கொடுத்த அதே மாணவருக்கு 58 சதவீதம் வரும்.

எனவே இங்கே சுழியமே சரி. ஆனால் அதை டிராஃப்டாகவே வைத்திருந்து, இரண்டு வாரம் அவகாசம் கொடுத்து, அதற்குப் பிறகுதான் ரிட்டர்ன் செய்ய வேண்டும். எட்டு கொடுத்து இரண்டு விட்டவருக்கு 90 சதவீதம் 72 ஆகக் குறையும். சிபிஎஸ்இ பத்தாம் வகுப்பில் அகமதிப்பீட்டு 20 மார்க்கில் போர்ட்ஃபோலியோவுக்கு, அதாவது மாணவர் செய்த வேலைகளின் தொகுப்புக்கு, 5. அந்த ஐந்துக்கு மாற்றினால் 4.5 என்பது 3.6 ஆகும். வலிக்கும், ஆனால் பிள்ளையின் வருடத்தையே கவிழ்த்துவிடாது. இங்கே ஒரு எச்சரிக்கை: எல்லோரையும் மொத்தமாகத் தேர்ந்தெடுத்து ரிட்டர்ன் அழுத்தினால், அவகாசம் முடியாதவர்களின் சுழியமும் சேர்ந்தே போய்விடும். வேலையைக் கொடுத்தவர்களை மட்டும் டிக் செய்து அனுப்புங்கள்.

காய்ச்சல், வீட்டில் துக்கம், விளையாட்டுப் போட்டி என்று வராதவர்களுக்கு 'எக்ஸ்கியூஸ்டு' (விலக்கு) என்று குறிக்கலாம். அந்த வேலை சராசரியில் சேராது. இந்தக் கருவியில் மிகவும் பயனுள்ள வசதி இதுதான். காலிக் கட்டத்தைப் பார்த்தால் ஆசிரியர் மறந்தாரா, மாணவர் விட்டாரா என்று புரியாது. எக்ஸ்கியூஸ்டு என்று இருந்தால் முடிவெடுத்தது யார் என்பதில் குழப்பமே இல்லை.

மிஸ்ஸிங் முத்திரையை மட்டும் கண்ணை மூடிக்கொண்டு நம்ப வேண்டாம். எதையும் இணைக்காமல் 'மார்க் அஸ் டன்' (முடித்ததாகக் குறி) பொத்தானை மாணவர் அழுத்தினாலே அது மறைந்துவிடும். நேர்மாறாக, நோட்டில் எழுதி நேரில் கொடுத்த பிள்ளை அந்தப் பொத்தானை அழுத்தாவிட்டால் மிஸ்ஸிங் என்றே காட்டும். நேரத்தில் கொடுத்ததைத் திருத்துவதற்காகத் திரும்ப எடுத்து, கெடுவுக்குப் பின் மறுபடி அனுப்பினால் தாமதம் என்று பதிவாகும். கெடு தேதியே போடாத அசைன்மென்ட்டுக்கு மிஸ்ஸிங் விழவே விழாது. ஆக, டிராஃப்ட் சுழியங்களை ரிட்டர்ன் செய்வதற்கு முன் நோட்டுக் கட்டையும் ஒருமுறை புரட்டிப் பார்த்துவிட வேண்டும்.

தாமதத்துக்குத் தானாக மார்க் குறைக்கும் வசதி இல்லை. இதைக் குறையாகச் சொல்பவர்கள் உண்டு. எங்கள் கணிப்பில் நல்லதுதான். பகுபதம் பிரிக்கத் தெரிந்த பிள்ளைக்கு இரண்டு நாள் தாமதத்துக்காக ஏன் தமிழ் மார்க் குறைய வேண்டும்? தாமதத்தைத் தனிக் கருத்தில் எழுதுங்கள், பெற்றோரிடம் பேசுங்கள். கெடுவுக்குப் பின் சமர்ப்பிப்பை மூடும் வசதியையும் தொடாமல் விடுவதே மேல். அதைப் போட்டுவிட்டு இரண்டு வார அவகாசம் என்று சொல்வதில் அர்த்தமில்லை.

பெற்றோருக்கு விடுபட்ட வேலைகளை மின்னஞ்சலில் தினமும் அல்லது வாரம் ஒருமுறை அனுப்பலாம். மின்னஞ்சல் திறக்காத வீடுகளுக்குத் தொலைபேசிதான்.

மொத்தக் கணக்குக்கு 'வெயிட்டட் பை கேட்டகரி' முறையை, அதாவது ஒவ்வொரு வகை வேலைக்கும் இத்தனை சதவீதம் என்று பிரிக்கும் முறையை, தேர்ந்தெடுங்கள். வீட்டுப்பாடத்துக்கு 20, தேர்வுகளுக்கு 80 என்று பிரித்தால், எத்தனை அசைன்மென்ட் விடுபட்டாலும் சேதம் அந்த 20-க்குள் அடங்கும். கூட்டுத்தொகை 100 வர வேண்டும். ஒவ்வொரு அசைன்மென்ட்டையும் உருவாக்கும்போதே அதன் வகையைக் குறித்துவிட வேண்டும். பருவ முடிவில் உட்கார்ந்து எல்லா அசைன்மென்ட்டையும் திறந்து திருத்துவது பெரும்பாடு.