ஹேண்டில்பார் வயரிங்: புல்லட் டெர்மினலா, நைலான் கப்ளரா, வாட்டர்ப்ரூஃப் கப்ளரா?

பைக்கில் ஹாரன் ஒரு சமயம் அடிக்கிறது, ஒரு சமயம் அடிப்பதில்லை. ஹேண்டிலை இடப்பக்கம் ஒடித்தால் இண்டிகேட்டர் அணைகிறது. பழி உடனே சுவிட்ச் மேல் விழும்; புது அசெம்பிளி வாங்கி மாட்டுவார்கள். கோளாறு பல வண்டிகளில் சுவிட்சில் இருக்காது, டூமுக்குள், அதாவது ஹெட்லைட் கூட்டுக்குள், வயர்கள் சேரும் இடத்தில் இருக்கும். முறுக்கி டேப் சுற்றிய ஜாயின்ட் என்றால் சந்தேகமே வேண்டாம். வேலூர், காட்பாடி பக்கம் கத்திரி வெயிலில் நிற்கும் வண்டியில் டேப்பின் பசை இளகி வழிந்துவிடும். ஐப்பசி மழையில் அந்த வழியாகவே ஈரம் ஏறி, செம்பு பச்சை பூக்கும்.

அந்த ஜாயின்ட்டுக்கு மாற்றாக எந்தக் கனெக்டரைப் போடலாம்? ஆம்பியரை வைத்து இதை முடிவு செய்ய முடியாது. 60 வாட் ஹை பீம் 12 வோல்ட்டில் 5 ஆம்பியர்தான் இழுக்கும். கீழே சொல்லும் மூன்று வகையும் அதைத் தாங்கும். கனெக்டர் உட்காரும் இடம், அங்கே தண்ணீர் வருமா, எவ்வளவு இடம் இருக்கிறது என்பவைதான் கணக்கு.

கடைக்குப் போகுமுன் பழைய ஆண் பின்னின் (உள்ளே செருகும் முனையின்) தட்டை அகலத்தை வெர்னியரில் அளந்துகொள்ளுங்கள். 1.8 மி.மீ. என்றால் 070 வகை, 2.3 என்றால் 090, 2.8 என்றால் 110, 6.3 என்றால் 250. ‘அதே மாதிரி நாலு பின் கப்ளர்’ (பல பின்களை ஒரே கூட்டில் சேர்த்துச் செருகும் கனெக்டர்) என்று கேட்டால் போதாது. 2.3 பின் 2.8 பெண் டெர்மினலுக்குள் தாராளமாகப் போகும், பொருந்தியது போலவும் தெரியும். ஆனால் பிடி இருக்காது. ஹெட்லைட் லைனில் அது சூடேறி நைலானைப் பழுப்பாக்கிவிடும்.

புல்லட் டெர்மினல், அதாவது குண்டு வடிவ முனையைக் குழல் வடிவ முனைக்குள் செருகும் வகை, ஒற்றை வயருக்கு நல்லது. இண்டிகேட்டர் வயர், பிரேக் சுவிட்ச் வயர் போன்ற இடங்களில் அதற்கு மேல் தேவையில்லை. ஜப்பானிய வகை 3.9 மி.மீ.; பழைய பிரிட்டிஷ் வழி வயரிங்கில் வருவது 4.7. இரண்டும் சேராது. ஹார்டுவேர் கடையில் கிடைக்கும் சிவப்பு, நீல பிளாஸ்டிக் போர்த்திய புல்லட்டை வண்டியில் போடாமல் இருப்பதே நல்லது. அழுத்தம் சரியாக விழுந்ததா என்று உள்ளே பார்க்க முடியாது, அதிர்வில் கழன்றும் வரும். புல்லட்டின் பெரிய குறை வேறு: எட்டு வயரையும் புல்லட்டிலேயே முடித்தால், அடுத்த முறை டூமைத் திறப்பவர் எதையாவது மாற்றிச் செருகுவது நிச்சயம். லாக்கும் கிடையாது.

டூமுக்குள் மறைவாக இருக்கும் இடத்துக்கு 2.8 மி.மீ. நைலான் கப்ளரை மிஞ்சியது இல்லை. 2, 3, 4, 6, 9 பின்களில் வருகிறது, லாக் உண்டு, தப்பாக மாட்ட முடியாது, ஒரு பின் கெட்டால் அதை மட்டும் மாற்றலாம். வயரோடு சேர்த்து விற்கும் ரெடிமேட் கப்ளரில் மட்டும் கவனம் தேவை. பின்னில் ஒரு காந்தத்தை வைத்துப் பாருங்கள். ஒட்டினால் பித்தளை பூசிய இரும்பு, ஒரு மழைக்காலத்தில் துருப்பிடிக்கும். தனிப் பின், தனிக் கூடு, ரப்பர் ஸ்லீவ் என்று வாங்கி நாமே அடிப்பது (பின்னை வயரின் மேல் நசுக்கிக் கவ்வ வைப்பது) மேல். உள்ளூர்க் கடையில் அகப்படாவிட்டால் சென்னை ஜி.பி. ரோட்டில் தேடலாம்.

டூம் இல்லாத, வயர் வெளியே தெரியும் வண்டிக்கு ரப்பர் சீல் வைத்த வாட்டர்ப்ரூஃப் கப்ளர்தான். சுமிட்டோமோ எம்.டி. 090 ஒல்லியாக இருப்பதால் ஃபோர்க் பக்கத்தில் ஒளித்துவிடலாம். சூப்பர்சீல் 1.5 ஒன்று முதல் ஆறு பின் வரை கிடைக்கிறது, சற்றே பருமன். டாய்ச் டி.டி. உறுதியில் முதலிடம், ஆனால் ஹேண்டில் அருகே அதற்கு இடம் தேடுவதே பெரும்பாடு, அளவுக்கு மீறிய செலவும்கூட. எந்த சீல் வகையிலும் சறுக்குவது ஒரே இடத்தில்தான். ரப்பர் சீலை வயரின் வெளி விட்டத்துக்குப் பார்த்து வாங்க வேண்டும். மெல்லிய வயருக்குப் பெரிய சீல் போட்டால் புகுந்த தண்ணீர் வெளியேற வழியின்றி உள்ளேயே தேங்கும். அதைவிடத் திறந்த கப்ளர் தேவலை.

ஹேண்டில் குழாய்க்குள் வயர் விடுகிறவர்கள் கூட்டை மாட்டுவதற்கு முன்பே இழுத்துவிட வேண்டும். 22 மி.மீ. குழாயில் போடும் ஓட்டை வழியே எந்தக் கப்ளரும் நுழையாது. பின்னை மட்டும் அடித்து, டேப்பால் லேசாகக் கட்டி, ஒன்றன்பின் ஒன்றாக இழுங்கள். ஓட்டையின் விளிம்பை அரம் வைத்து மழுக்கி ரப்பர் குரோமெட் போடாவிட்டால், விளிம்பே வயரை அறுத்து ஃபியூஸைப் போக்கும்.

பின் அடிக்கும் வேலை எல்லா வகைக்கும் ஒன்றுதான். சீல் இருந்தால் முதலில் அதை வயரில் கோர்க்கவும். கடைசியில் நினைவுக்கு வந்தால் பின்னை வெட்ட வேண்டியதுதான். தோலை 4 முதல் 5 மி.மீ. உரிக்கவும். பின்னின் வாலிலுள்ள முன்பக்க இறக்கை செம்பைக் கவ்வ வேண்டும், பின்பக்க இறக்கை தோலை. திறந்த இறக்கைக்கு உரிய கிரிம்பிங் கருவி இல்லாமல் கட்டிங் பிளேயரால் நசுக்கினால் இறக்கை உள்பக்கம் சுருளாமல் ஒரு பக்கம் சாயும். அடித்த பின்னைக் கையால் இழுத்துப் பாருங்கள், வரக்கூடாது. மேலே ஈயம் வைக்கும் பழக்கம் இங்கே கெடுதல்: ஈயம் இழைகளுக்குள் ஏறி வயரை விறைப்பாக்கும், அந்த விறைப்பு முடியும் இடத்திலேயே அதிர்வில் ஒடியும்.

மாட்டி முடித்ததும் ஹேண்டிலை இரு கோடிக்கும் ஒடித்து வயர் இழுபடுகிறதா என்று பாருங்கள். ஹேண்டில் திரும்பும் கழுத்தருகே கேபிள் டையை இறுக்கக் கூடாது. பிறகு மல்டிமீட்டரை டி.சி. வோல்ட்டில் வைத்து, ஹை பீமைப் போட்டு, அந்த லைனின் கப்ளருக்கு முன்னும் பின்னும் ஒவ்வொரு முனை வைக்கவும். 0.1 வோல்ட்டுக்குக் கீழே இருந்தால் டூமை மூடலாம். 0.2-ஐத் தாண்டினால் பெண் டெர்மினல் விரிந்திருக்கிறது, இல்லை கிரிம்ப் பிடிக்கவில்லை. அந்தப் பின்னை எடுத்துவிட்டுப் புதிதாக அடிக்கவும்.