வாயில் சுமக்கும் கெளுத்தியா, வரிக்கெளுத்தியா?

கடல் கெளுத்தி என்று ஒரே பேரில் சொல்லிவிடுகிறோம், ஆனால் மார்க்கெட்டில் கிடக்கும் பெரிய கெளுத்தியும் பவளப்பாறைப் பக்கம் திரியும் வரிக்கெளுத்தியும் வேறு வேறு குடும்பம். முன்னதன் அறிவியல் பெயர் நெட்டுமா தலசினா, மூன்று ஜோடி மீசை, பிளந்த வால், சேற்றுத் தரையும் கழிமுகமும்தான் அதன் இடம். பின்னது ப்ளோட்டோசஸ் லீனியேட்டஸ், நான்கு ஜோடி மீசை, உடம்பில் வெள்ளைக் கோடு, வால் விலாங்கு மாதிரி கூம்பிப்போகும், 32 செ.மீ.க்கு மேல் வளராது. மன்னார் வளைகுடாவில் இரண்டும் உண்டு.

குஞ்சு காப்பதில் எது கெட்டி? பார்த்தவுடன் பெரிய கெளுத்திக்குத்தான் ஓட்டுப் போடத் தோன்றும். கோலிக்குண்டு அளவு முட்டைகளை ஆண் மீன் வாயில் அடக்கிக்கொண்டு, குஞ்சு பொரித்துத் தானாக நீந்தும்வரை வாரக்கணக்கில் பட்டினி கிடக்கும். முட்டை இவ்வளவு பெரிது என்பதால் எண்ணிக்கை ரொம்பக் குறைவு, சாளை போல ஆயிரக்கணக்கில் எல்லாம் கிடையாது. வரிக்கெளுத்தி அப்பாவோ கல்லிடுக்கில் கிடக்கும் முட்டைக்குக் காவல் இருப்பதோடு சரி, அப்புறம் குஞ்சுகளே பந்தாகத் திரண்டு, பின்னால் இருப்பவை முன்னால் இருப்பவற்றின் மேலேறி உருண்டு வந்து, மீசையால் மணலைக் கிளறிப் புழுவும் இறால் குஞ்சும் தின்றபடி நகரும்.

ஆனால் வலை என்று வந்தால் கதை மாறுகிறது. கர்நாடகக் கரையில் மீன் கூட்டத்தையே வளைத்து அள்ளும் சுருக்குமடி வலை வந்தபோது, வாயில் முட்டையோடு திரண்டிருந்த இன்னொரு வகைக் கெளுத்தியின் ஆண்களைக் கூட்டமாக அள்ளினார்கள். ஒரு மீன் பிடிபட்டால் அடுத்த தலைமுறையும் சேர்ந்தே போய்விடும், குறைவாக ஈனும் மீனால் அந்த இழப்பை எங்கே ஈடுகட்ட முடியும்?

வரிக்கெளுத்தியோ செங்கடலிலிருந்து சூயஸ் கால்வாய் வழியாக மத்திய தரைக்கடலுக்கே போய்விட்டது. 2000களின் தொடக்கத்தில் இஸ்ரேல் கரையில் தென்பட்டது, 2019இல் ஐரோப்பிய ஒன்றியம் அதை ஆக்கிரமிப்பு உயிரினப் பட்டியலில் சேர்த்தது. குஞ்சைக் காப்பதில் பெரிய கெளுத்தி கெட்டி என்றாலும், தலைமுறை தப்பிப் பெருகுவதில் என் ஓட்டு இதற்குத்தான்.

முள்ளிலும் இதுதான் மோசம். முதுகில் ஒன்று, பக்கத்துக்கு ஒன்று என மூன்று விஷ முட்கள், செத்த மீனும் குத்தும். பெரிய கெளுத்தி முள்ளும் லேசுப்பட்டதில்லை, ரம்பப் பல் வைத்தது. எது குத்தினாலும் தாங்கக்கூடிய சூட்டில் வெந்நீரில் கையை முக்கிவைத்து, அப்படியே ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்கள்.