தெர்மல் குக்கர்: கேஸை விட மிச்சமாவது வேறு

வீட்டில் சிக்கனம் பற்றிப் பேச்சு வந்தால் யாராவது ஒருவர் கண்டிப்பாகத் தெர்மல் குக்கரைச் சொல்வார், கேஸ் மிச்சமாகும் என்பார். எங்கள் வீட்டில் அது ஒரு வருஷத்துக்கு மேலாகப் புழங்குகிறது. நல்ல பொருள், தாராளமாக வாங்கலாம். ஆனால் கேஸை நினைத்து மட்டும் வாங்காதீர்கள்.

பார்க்காதவர்களுக்காக: உள்ளே ஒரு எவர்சில்வர் பாத்திரம், வெளியே தெர்மாஸ் பிளாஸ்க் மாதிரி இரட்டைச் சுவரும் நடுவில் வெற்றிடமும் உள்ள பெரிய கூடு. உள்பாத்திரத்தை அடுப்பில் வைத்துக் கொதிக்கவிட்டு, மூடியோடு தூக்கிக் கூட்டுக்குள் இறக்கி அடைத்துவிட்டால் சரி, அந்தச் சூட்டிலேயே மீதி வெந்துவிடும். கரண்ட் வேண்டாம், பக்கத்தில் நிற்கவும் வேண்டாம்.

இப்போது கணக்குக்கு வருவோம். சிங்கப்பூரில் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீடுகளுக்குக் குழாயில் வரும் கேஸுக்கு ஒரு யூனிட் ஏறத்தாழ 20லிருந்து 25 காசு, மாத பில்லில் கிலோவாட் மணி என்று போட்டிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். ஒரு சின்ன அடுப்பு ஒரு மணி நேரம் மெல்ல எரிந்தால் ஏறக்குறைய ஒரு யூனிட்தான் ஆகும். அப்படியென்றால் ஒரு தடவை எலும்பு சூப் வைக்கும்போது கால் வெள்ளி, மிஞ்சிப்போனால் அரை வெள்ளி மிச்சம். வாரத்துக்கு மூன்று முறை சமைத்தாலும் மாதத்துக்கு மூன்று வெள்ளியிலிருந்து ஆறு வெள்ளிக்குள்தான் வரும். கடையில் புதுசாக நூறு வெள்ளிக்கு மேல் கொடுத்து வாங்குகிற பாத்திரத்துக்கு அந்த மிச்சத்தை மட்டும் வைத்துக் கணக்குப் போட்டால் போட்ட காசு திரும்ப ரொம்ப நாளாகும். அதோடு பிரஷர் குக்கர் வைத்திருக்கிற நம் வீடுகளில் பருப்பு ஏற்கெனவே நாலு விசிலில் முடிந்துவிடுகிறது.

உண்மையான மிச்சம் சாயங்காலம்தான் தெரிகிறது. இரண்டு பேரும் வேலைக்குப் போய், எம்ஆர்டி ரயிலில் நசுங்கி வீடு திரும்பி, பிள்ளைகள் பசி என்று நிற்கும்போது யாருக்கும் அடுப்பைப் பற்றவைக்க மனசு வராது. நேரே கீழே இறங்கி கோப்பிக்கடைக்குப் போவோம், நாலு பேர் சாதாரணமாகச் சாப்பிட்டாலே தண்ணியோடு சேர்த்து 20 வெள்ளி தாண்டிவிடும். மதியம் வீட்டில் இருக்கிற பெரியவர் யாராவது கொதிக்கவைத்துக் கூட்டுக்குள் இறக்கிவிட்டால், நாம் கதவைத் திறக்கும்போது ஆவி பறக்க குழம்பு இருக்கிறது. சோற்றை மட்டும் ரைஸ் குக்கரில் போட்டால் போதும். வாரத்தில் ஒரே ஒரு நாள் வெளிச்சாப்பாடு நின்றாலும் மாதத்துக்கு 80 வெள்ளி, பாத்திரத்தின் விலை எங்கேயோ போய்விடுகிறது.

இதில் அருமையாக வருவது ஆட்டு எலும்பு சூப். தேக்கா ஈரச் சந்தையில் எலும்பை வெட்டி வாங்கி வந்து, மிளகு, சீரகம், இஞ்சி, பூண்டு தட்டிப் போட்டு, இருபது நிமிஷம் நன்றாகத் தளதளவென்று கொதிக்கவிட்டு மூடுங்கள். நாலு மணி நேரம் கழித்துத் திறந்தால் மேலே மஞ்சளாக நெய் மிதக்கும், கறி எலும்பை விட்டுத் தானாகக் கழன்று வரும், தண்ணீர் வற்றியே இருக்காது. இன்னொரு நிம்மதி, நம் வீடுகளில் துணி காயப்போடுவது சமையலறைக்குப் பின்னால்தானே, மணிக்கணக்காக சூப் கொதித்தால் ஆபீஸ் சட்டையெல்லாம் கறி வாசம் வீசும், அந்தத் தொல்லை இதில் இல்லை. கஞ்சியும் அடி பிடிக்காமல் குழைந்து வரும். நோன்பு மாதத்தில் எங்கள் பக்கத்து வீட்டு அக்கா இதில்தான் கஞ்சி வைக்கிறார். சாம்பாருக்கு எனக்குப் பிடிக்கவில்லை, துவரம்பருப்பு வேகும், ஆனால் மசியாது. அதற்குப் பிரஷர் குக்கர்தான்.

ஒரு விஷயத்தில் கவனம் வேண்டும். சமைத்த சாப்பாடு 60 டிகிரிக்குக் கீழே போனால் கிருமி பெருக ஆரம்பிக்கும், அதனால் பாத்திரத்தில் முக்கால்வாசியாவது நிரம்பியிருக்க வேண்டும். கொஞ்சமாக வைத்தால் சூட்டைப் பிடித்துவைக்க உள்ளே எதுவும் இல்லை, சீக்கிரம் ஆறிவிடும். வெந்துவிட்டதா என்று நடுவில் திறந்து பார்க்காதீர்கள். ஆறு மணி நேரத்துக்குள் எடுத்து, மறுபடி ஒரு கொதி விட்டுச் சாப்பிடுங்கள், ராத்திரி முழுக்க அப்படியே விட்டுவிட வேண்டாம். ராஜ்மா போடுகிறவர்கள் நன்றாக ஊறவைத்து, ஊறிய தண்ணீரைக் கொட்டிவிட்டு, வேறு தண்ணீரில் குறைந்தது பத்து நிமிஷம் முழுக் கொதியில் வைத்த பிறகுதான் கூட்டுக்குள் இறக்க வேண்டும். அந்தப் பயற்றில் இயற்கையாகவே ஒரு நச்சு உண்டு, குறைந்த சூட்டில் அது போகாது, வாந்தி பேதி வரும்.

வாங்குவதென்றால் முதலில் கரோசல் என்ற, ஆட்கள் தங்கள் பொருளை விற்கிற இணையத்தளத்தில் தேடுங்கள். கல்யாணத்துக்கும் புதுவீட்டுக்கும் பரிசாக வந்து பெட்டி பிரிக்காமலே கிடப்பவை பாதி விலைக்குக் கிடைக்கும். ஏற்கெனவே புழங்கியதாக இருந்தால் கொதிக்கிற தண்ணீரை உள்பாத்திரத்தில் ஊற்றி மூடி, அரை மணி கழித்து வெளிச்சுவரைத் தொட்டுப் பாருங்கள். சூடாக இருந்தால் வெற்றிடம் போய்விட்டது, விட்டுவிடுங்கள். நாலு பேர் உள்ள வீட்டுக்கு நாலரை லிட்டர் சரியாக இருக்கும். ஆசைப்பட்டு அதைவிடப் பெரியதாக வாங்கினால் முக்கால்வாசி நிரப்ப முடியாது. தனியாக இருக்கிறவர்களும், நாள் முழுக்க வீட்டில் இருந்து நினைத்த நேரத்தில் சமைக்க முடிகிறவர்களும் இதற்குச் செலவு செய்யத் தேவையே இல்லை, இருக்கிற பிரஷர் குக்கருக்கு ஒரு புது கேஸ்கெட் வாங்கிப் போட்டால் போதும்.