குளோன் செய்த டிஸ்க் பூட் ஆகவில்லை என்றால் உடனே மதர்போர்டை மாற்றச் சம்மதிக்காதீர்கள்

போன வாரம் எனக்கு நடந்தது இது. கம்ப்யூட்டர் கடையில் "போர்டு போச்சு" என்றதும் பணத்தை எடுத்து நீட்டுகிறவர்கள் கொஞ்சம் படித்துவிடுங்கள். நானும் நீட்ட இருந்தேன்.

வீட்டிலிருந்தே பள்ளிகளுக்கு வினாத்தாள் டைப் செய்து கொடுக்கிறேன். ஒன்பது வருஷ வேலை முழுக்க ஒரே 500 ஜிபி ஹார்டு டிஸ்கில், உபுண்டு 22.04 லினக்ஸில் இருக்கிறது. டிஸ்கில் டக் டக் என்று சத்தம் வர ஆரம்பித்ததும் பயந்துபோய் 480 ஜிபி எஸ்எஸ்டி ஒன்று வாங்கினேன். பஸ் ஸ்டாண்ட் பக்கம் ஒரு கடையில் குளோன் செய்ய, அதாவது பழைய டிஸ்கை அப்படியே புதிதில் நகலெடுக்கக் கொடுத்தேன். கூலி 800 ரூபாய், முன்னாலேயே வாங்கிக்கொண்டார்கள்.

மூன்றாம் நாள் போனேன். கறுப்புத் திரையில் ‘ரீபூட் அண்ட் செலக்ட் ப்ராப்பர் பூட் டிவைஸ்’ என்று, அதாவது பூட் ஆக (தொடங்க) ஏற்ற டிஸ்க் இல்லை என்று நின்றது. கடைப் பையன் சொன்னான்: "குளோன் நல்லாத்தான் ஆயிருக்கு அக்கா. உங்க போர்டுதான் எடுக்கல. மாத்துனா 6,500 ஆகும். இல்லன்னா ஃபார்மட் பண்ணி விண்டோஸ் போட்டுத் தர்றேன், லினக்ஸ் எல்லாம் குளோன்ல ஓடாது." குளோன் நன்றாக ஆகிவிட்டது என்கிறான், ஓடாது என்றும் அவனே சொல்கிறான். பழைய டிஸ்கைக் கேட்டேன். ஸ்கிராப்பில் போட்டுவிட்டதாகப் பதில் வந்தது.

நான் நகரவில்லை. அரை மணி நேரம் கழித்து மேஜை டிராயரிலிருந்து டிஸ்க் வெளியே வந்தது. மேலே மார்க்கரில் நான் எழுதிய ‘வினாத்தாள்’ என்ற எழுத்தைப் பார்த்தபோது கண் கலங்கிவிட்டது.

வீட்டுக்கு வந்து தம்பிக்குப் போன் போட்டேன். "முதல்ல பழைய டிஸ்கை மாட்டிப் பாருக்கா" என்றான். மாட்டினேன். உபுண்டு வழக்கம்போல வந்தது. போர்டில் ஒரு குறையும் இல்லை! அப்புறம் பயாஸில் (கம்ப்யூட்டர் தொடங்கும்போது போகும் செட்டிங் திரை) பார்த்தால் எஸ்எஸ்டியின் பெயரும் தெளிவாகத் தெரிந்தது.

டிஸ்கைத் தொடாமல் தானே ஓடும் உபுண்டு லைவ் பென்டிரைவில், யூஇஎஃப்ஐ என்ற புதுவகை பூட் முறையில் தொடங்கி, ஜிபார்ட்டெட் என்ற சாஃப்ட்வேரில் இரண்டு டிஸ்கையும் ஒப்பிட்டோம். பழையதில் முதலில் 512 எம்பிக்கு ஒரு சின்னப் பார்ட்டிஷன் (டிஸ்கைப் பிரித்த பகுதி), ஃபேட்32 வகை. உபுண்டுவை எழுப்பும் கிரப் புரோகிராமைத் தொடங்கிவைக்கும் ஃபைல் அதில்தான் இருக்கும், இஎஃப்ஐ பார்ட்டிஷன் என்பார்கள். எஸ்எஸ்டியில் அது இல்லவே இல்லை. 500 ஜிபி டிஸ்க் அப்படியே 480-க்குள் அடங்காது இல்லையா? அதனால் ஒரே ஒரு பார்ட்டிஷன் போட்டு ஃபைல்களை மட்டும் காப்பி செய்திருக்கிறார்கள். அதைக் குளோன் என்று சொல்லிக் காசு வாங்கியிருக்கிறார்கள். புதுப் பார்ட்டிஷன் என்பதால் அதன் அடையாள எண்ணான யூயூஐடியும் மாறிவிட்டது. எந்தப் பார்ட்டிஷனை எங்கே இணைப்பது என்று உள்ளே எழுதியிருக்கும் எஃப்எஸ்டேப் ஃபைலோ பழைய எண்ணையே தேடிக்கொண்டிருக்கிறது.

தம்பி சொல்லச் சொல்ல நானே செய்தேன். எஸ்எஸ்டியின் பார்ட்டிஷனைக் கொஞ்சம் சுருக்கி, 512 எம்பிக்கு இஎஃப்ஐ பார்ட்டிஷன் போட்டோம். எஃப்எஸ்டேப்பில் புது எண்ணை எழுதினோம். சிஎச்ரூட் கமாண்டால் எஸ்எஸ்டியில் இருக்கும் உபுண்டுக்குள் போய் கிரப்பை மறுபடி இன்ஸ்டால் செய்து, அப்டேட்-கிரப் கமாண்ட் கொடுத்தோம். முதல் தடவை ஒன்றரை நிமிஷம் காத்திருந்துவிட்டு பழுது பார்க்கும் எமர்ஜென்சி மோடில் நின்றது. எஃப்எஸ்டேப்பில் இஎஃப்ஐ பார்ட்டிஷனுக்கான வரியில் பழைய எண்ணை மாற்ற விட்டிருந்தேன். அதையும் திருத்தியதும் என் டெஸ்க்டாப் வந்தது, எல்லா ஃபோல்டரோடும். மொத்தம் ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை.

இங்கே ஒரு விஷயம். டிஸ்கை முழுசாக, பிட் பிட்டாகக் குளோன் செய்திருந்தால் இரண்டுக்கும் ஒரே யூயூஐடி இருக்கும். அப்போது இரண்டையும் சேர்த்து மாட்டி பூட் செய்யாதீர்கள். எந்த டிஸ்கில் வேலை செய்கிறோம் என்றே தெரியாமல் போகும். ஒன்றைக் கழற்றிவிட்டுத்தான் சோதிக்க வேண்டும்.

கடையில் கொடுப்பதற்கு முன்னால் பழைய டிஸ்க் உங்கள் கைக்குத் திரும்பி வரும் என்று பில்லில் எழுதி வாங்குங்கள். எல்லாப் பார்ட்டிஷனும் வந்திருக்கிறதா என்று கேளுங்கள். பணம் தரும் முன் உங்கள் கண் முன்னால் பூட் செய்து காட்டச் சொல்லுங்கள். ஃபார்மட் என்ற வார்த்தை வந்தால் மெஷினைத் தூக்கிக்கொண்டு வந்துவிடுங்கள்.

மறுநாள் ஓடுகிற கம்ப்யூட்டரை வீடியோ எடுத்துக்கொண்டு போய்க் காட்டி, 800 ரூபாயைத் திருப்பிக் கேட்டேன். முதலாளி வீடியோவை முழுசாகப் பார்த்தார். "செஞ்ச வேலைக்குத்தானே வாங்குனோம்" என்றார். பணம் வரவில்லை.