பூங்காவுக்கு ஆள் பெயரா, இடத்தின் பெயரா?

சென்னையில் இரண்டுக்கும் உதாரணம் இருக்கிறது. தி.நகர் பனகல் பார்க்கை எடுத்துக்கொள்ளுங்கள், 1921 முதல் 1926 வரை சென்னை மாகாணத்தின் முதல்வராக இருந்த பனகல் அரசரின் பெயர் அது, ஆனால் பக்கத்தில் பட்டுப்புடவை எடுக்க வருகிறவர்களில் எத்தனை பேருக்கு அவரைத் தெரியும்? ஆள் பெயர் மாறவும் செய்யும். சிந்தாதிரிப்பேட்டையில் ஆங்கிலேய ஆளுநர் நேப்பியர் பெயரில் இருந்த பூங்கா மே தினப் பூங்கா ஆனது. அது சரியான மாற்றம்தான், உழைப்பவர்களின் நாள் ஆளுநரைவிடப் பெரியது.

அப்புறம் அடையாறு. கழிமுகச் சதுப்பு நிலத்தை மீட்டு உருவாக்கிய பூங்காவுக்குத் தொல்காப்பியப் பூங்கா என்று பெயர் வைத்தார்கள், இன்றும் பலர் அடையாறு பூங்கா என்றே சொல்கிறார்கள். ஆறும் ஈரநிலமும்தான் அங்கே விஷயம். என் ஓட்டு இடப்பெயருக்கே. ஆள் பெயர்தான் வேண்டுமென்றால் அவர் யாரென்று வாசலில் நாலு வரி எழுதி வையுங்கள்.