எச்சரிக்கை: செட்டிநாட்டு வீடுகளுக்கு உள்ளே அழைத்துப் போவதாகச் சொல்லி வாங்கிய ₹93,600

காரைக்குடிப் பக்கம் நகரத்தார் என்கிற நாட்டுக்கோட்டைச் செட்டியார்களின் பழைய வீடுகளைப் பார்க்கக் குழுவாகக் கிளம்புகிறவர்கள், யாருக்கும் முன்பணம் அனுப்புவதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள். போன ஞாயிற்றுக்கிழமை எங்கள் ஓய்வூதியர் குழுவில் 36 பேர், பெரும்பாலும் 65 வயதைத் தாண்டியவர்கள், கானாடுகாத்தானில் திறக்காத கதவுகளுக்கு முன்னால் வெயிலில் நின்றார்கள். கட்டிய பணம் ₹93,600. இந்த நிமிடம் வரை ஒரு ரூபாய்கூடத் திரும்பி வரவில்லை.

புகார் கொடுத்திருப்பதால் பெயரைப் போடவில்லை. பாரம்பரிய வீடுகளுக்கும் தோட்டங்களுக்கும் குழுக்களுக்கு ‘சிறப்பு அனுமதி’ வாங்கித் தருவதாக விளம்பரம் செய்யும் ஓர் இணையதளம். அதன் கீழ் வேலை செய்யும் ஓர் உள்ளூர் ஏற்பாட்டாளர். அடையாளத்துக்கு இது போதும். இதே வகையில் இன்னும் பலர் இருக்கிறார்கள்.

பணம் எதற்கு என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். தலைக்கு ₹2,600. அதில் மூன்று வீடுகளுக்கு உள்ளே போக ₹1,200, வீட்டின் முற்றப் பகுதியான வளவில் இலை போட்டு மதியச் சாப்பாடு ₹850, வழிகாட்டிகளும் ஆத்தங்குடித் தரை ஓட்டுப் பட்டறையும் சேர்த்து ₹550. 36 பேருக்கு ₹93,600. பஸ்ஸும் தங்கும் இடமும் இதில் சேராது. அவற்றை நாங்களே பிடித்தோம், அவற்றில் எந்தக் குறையும் வரவில்லை.

இந்த வீடுகளை அறியாதவர்களுக்கு ஏமாற்று எங்கே நுழைகிறது என்பது புரியாது. அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன். செட்டிநாட்டுப் பெரிய வீடு ஒரு தெருவில் தொடங்கி அடுத்த தெருவில் முடியும். திண்ணை, முகப்பு, தூண்கள் சூழ்ந்த திறந்த முற்றத்தோடு வளவு, அதன் பின்னால் இரண்டாம் கட்டு, கடைசியில் அடுப்படி. பர்மாத் தேக்குத் தூண், இத்தாலிப் பளிங்கு, சுண்ணாம்பும் முட்டை வெள்ளைக்கருவும் கலந்து இழைத்த சுவர் எல்லாம் முகப்பையும் வளவையும் தாண்டிப் போனால்தான் கண்ணில் படும். தெருவில் நின்று பார்ப்பவர்களுக்குக் கிடைப்பது வாசலும் மேல்மாடச் சுதைச் சிற்பமும்தான். 2014-ல் செட்டிநாட்டுக் கிராமங்கள் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரிய இடங்களுக்கான உத்தேசப் பட்டியலில் ஏறிய பிறகு கூட்டம் கூடியிருக்கிறது. ஆனால் வீடுகள் இன்றும் தனியார் சொத்து. ஒரு வீட்டுக்கு ஒரே சொந்தக்காரர் என்பது அபூர்வம். நாலைந்து தலைமுறைப் பங்காளிகளுக்குப் பாத்தியம் இருக்கும். அவர்கள் சென்னையிலும் மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் இருப்பார்கள். சாவி காவல்காரரிடம் இருக்கும். பொறுப்பில் இருக்கும் பங்காளி சொல்லாமல் அவர் முகப்புக் கதவைத் திறக்க மாட்டார், திறக்கவும் கூடாது.

ஆத்தங்குடியில் உள்ளது போல வாசலிலேயே கட்டணம் வாங்கிக்கொண்டு உள்ளே விடும் வீடுகளும் உண்டு. அவற்றுக்கு இடைத்தரகர் தேவையே இல்லை. காரைக்குடியின் ஆயிரம் ஜன்னல் வீட்டைப் போல வெளியிலிருந்து மட்டும் பார்த்துவிட்டு வருகிற வீடுகள் இன்னொரு வகை. இரண்டுக்கும் நடுவில், வீட்டார் மனம் வைத்தால் மட்டும் திறக்கும் வீடுகள் இருக்கின்றன. ‘சிறப்பு அனுமதி’ வியாபாரம் முழுக்க இந்த நடு வகையை வைத்துத்தான் நடக்கிறது, ஏனென்றால் அங்கே விலைப்பலகை கிடையாது. அனுமதி வாங்கினார்களா இல்லையா என்று வெளியாளால் சரிபார்க்கவும் முடியாது.

அடுத்தது தேதி. மார்கழியில் கல்யாணம் இல்லை. தை பிறந்ததும் முகூர்த்தங்கள் வரிசையாக வரும். பொங்கலுக்கு அடுத்த செவ்வாயன்று நாட்டரசன்கோட்டையில் செவ்வாய்ப் பொங்கல். அதற்கு வெளியூர்களில் இருக்கும் நகரத்தார் குடும்பங்கள் ஊருக்கு வந்துவிடும். கல்யாணம், மணிவிழா, முன்னோர்க்குப் படைப்பு எது வந்தாலும் குடும்பம் கூடுவது இந்த வீடுகளில்தான். அந்த நாட்களில் வெளியாளுக்கு இடம் கிடையாது. அது அவர்கள் வீடு, அதில் யாருக்கும் வருத்தம் இருக்க முடியாது. எங்கள் தேதி தை மாத முகூர்த்த ஞாயிறு. ஆகவே பணம் கட்டுவதற்கு முன் ஏற்பாட்டாளரிடம் எழுத்தில் கேட்ட ஒரே கேள்வி, “அன்றைக்கு மூன்று வீட்டிலும் விசேஷம் ஏதாவது இருக்கிறதா?” என்பதுதான்.

வாட்ஸ்அப்பில் வந்த பதில் அப்படியே இது: “மூணு வீட்டார்கிட்டயும் பேசிட்டோம் சார். அன்னைக்கு ஒரு விசேஷமும் இல்லை. பெரியவங்களுக்கு வளவுலயே நாற்காலி போட்டு இலை வைக்கிறோம். வாசப்படி உயரம், கைப்பிடிக்கு ரெண்டு பேரை நிக்க வைக்கிறேன்.”

அந்தக் கடைசி வாக்கியத்தில்தான் நம்பிக்கை வந்தது. வாசற்படி உயரம் என்பது உள்ளே போய் வந்தவருக்குத் தெரிகிற விஷயம். முழங்கால் வலியோடு வருகிறவர்கள் தடுக்குவதும் அங்கேதான். நாங்கள் கேட்காமலே அதைச் சொன்னார். அடுத்த நாளே வீட்டின் பெயர் அச்சிட்ட தாளில், வட்ட முத்திரை வைத்து, கையெழுத்தோடு ஓர் அனுமதிக் கடிதம் பிடிஎஃப்பாக வந்தது. இணையதளத்தின் உரையாடல் பெட்டியிலும் ‘அனுமதி உறுதி’ என்று பச்சை நிறக் குறி விழுந்தது. பணம் அனுப்பக் கியூஆர் கட்டமும் அதே பெட்டியிலேயே வந்தது. ₹93,600 ஒரே தவணையில் போனது.

அந்தக் கடிதத்தை இப்போது மேசையில் வைத்துக்கொண்டுதான் இதை எழுதுகிறேன். கையெழுத்துப் போட்டவர் வீட்டுக்கு என்ன உறவு என்று அதில் இல்லை. எத்தனை பேர், எந்த மணியிலிருந்து எந்த மணி வரை, எந்தக் கட்டு வரை போகலாம், சாவி யாரிடம் என்பது எதுவுமே இல்லை. உண்மையில் வீடு திறந்துவிடும் குடும்பங்கள் முதலில் பேசுவதே இவற்றைத்தான்: எத்தனை பேர் வருகிறீர்கள், சாமி அறைப் பக்கம் போக வேண்டாம், மாடிக்கு வேண்டாம், படம் எடுப்பதானால் முன்கூட்டிச் சொல்லுங்கள். பின்னால் காவல்காரர் கொடுத்த எண்ணில் சென்னையில் இருக்கும் பங்காளி ஒருவரிடம் பேசினோம். அப்படி ஒரு தாளே தங்கள் வீட்டில் கிடையாது என்றார்.

ஞாயிறு காலை நடந்ததைச் சுருக்கமாகச் சொல்கிறேன். முதல் வீட்டில் பந்தல் போட்டு வாழைமரம் கட்டியிருந்தது, கல்யாண வீடு. காவல்காரர் பதறிப்போய், “எங்கிட்ட யாரும் ஒரு வார்த்தை சொல்லலையே ஐயா. வெள்ளிக்கிழமையே வீட்டுக்காரவுக எல்லாம் வந்துட்டாக” என்றார். அந்த நெருக்கடியிலும் திண்ணையில் உட்கார வைத்துத் தண்ணீர் கொடுத்தார்கள். அந்த வீட்டார் மீது எங்களுக்கு ஒரு குறையும் இல்லை. இரண்டாவது வீடு பூட்டியிருந்தது. மூன்றாவது, ஆத்தங்குடியில் யார் வேண்டுமானாலும் வாசலில் கட்டணம் கட்டிப் பார்க்கும் வீடு. அங்கேயும் கட்டணத்தை எங்கள் கையிலிருந்துதான் மறுபடி கட்டினோம். வளவுச் சாப்பாடு என்பது பஸ் நின்ற இடத்துக்கு வந்த எலுமிச்சைச் சாதப் பொட்டலமாக முடிந்தது. அதுவும் 30 பொட்டலம்தான். சர்க்கரை நோயாளிகள் இருக்கிறார்கள், பகல் ஒரு மணிக்குள் சாப்பாடு வேண்டும் என்று எழுதிக் கொடுத்திருந்தோம், வந்தது இரண்டரைக்கு.

இரண்டு வழிகாட்டிகள் என்று பேசியிருந்தார்கள், வந்தது ஒரு பையன். 36 பேருக்கு ஒருவர் பேசினால் பின்னால் நிற்பவருக்குக் கேட்காது. 15, 18 பேருக்கு ஒருவர் வேண்டும். ஆத்தங்குடி ஓடு சூளையில் சுட்டது என்று அவன் சொன்னான். அது சுடாத ஓடு. கண்ணாடிப் பலகை மேல் உலோக அச்சை வைத்து, சாயம் கலந்த சிமெண்ட் குழம்பை ஊற்றி, அதன் மேல் அந்த ஊர் மணலும் சிமெண்ட்டும் போட்டு அழுத்தி, காயவைத்து, தண்ணீர்த் தொட்டியில் நாட்கணக்கில் ஊறவிடுவார்கள். கண்ணாடியைப் பிரித்தால் மேற்பரப்பு வழுவழுப்பாக வரும், நெருப்பே கிடையாது. ஊருக்கே பேர் வாங்கித் தந்த தொழிலை இப்படித் தப்பாகச் சொல்லும் ஆளை அனுப்பிவிட்டுத் தலைக்கு ₹550 வாங்குவது அந்தத் தொழிலாளிகளுக்கும் அவமரியாதை. பட்டறையில் அன்று ஓடு வார்க்கவும் இல்லை, அதையும் முன்பே கேட்டு வைத்திருக்க வேண்டியது ஏற்பாட்டாளர் வேலை.

மிச்சப் பொழுதைத் திருமயம் கோட்டையில் கழித்தோம். 1687-ல் ராமநாதபுரம் மன்னர் சேதுபதி கட்டிய கோட்டை, தொல்லியல் துறைப் பராமரிப்பு, வாசலில் சீட்டு வாங்கினால் யாரையும் கேட்காமல் ஏறலாம்.

பிறகு தொடங்கியது அலைக்கழிப்பு. ஏற்பாட்டாளர் முதல் நாள் போனை எடுக்கவில்லை. மறுநாள், “வீட்டுக்காரங்க திடீர்னு விசேஷம் வெச்சுட்டாங்க சார், நாங்க என்ன பண்றது” என்றார். கல்யாணம் திடீரென்று வருவதில்லை. பத்திரிகை அடித்து, ஊர் ஊராகக் கொடுத்து, அதன் பிறகு நடப்பது. அதைச் சொன்னதும், பணம் இணையதளத்தின் கணக்குக்குப் போய்விட்டது, அங்கே கேளுங்கள் என்றார். இணையதளத்தில் கேட்டால், நீங்கள் ஏற்பாட்டாளருக்கு நேரடியாகக் கட்டியிருக்கிறீர்கள், எங்கள் தளம் வழியாக வரவில்லை, ஆகவே பொறுப்பு இல்லை என்கிறார்கள். கியூஆர் கட்டம் வந்தது அவர்களுடைய உரையாடல் பெட்டியில்தான், படம் எடுத்து வைத்திருக்கிறோம். அதை அனுப்பியதும் புகார் எண் மட்டும் மாறியது. மூன்றாம் முறை பேசிய பெண், ஆறு மாதத்துக்குள் வேறு பயணத்துக்குக் கழித்துக்கொள்ளக் கூப்பன் தருவதாகச் சொன்னார். ₹93,600-க்கும் அல்ல, ‘சேவைக் கட்டணம் போக’ என்றார். ஓய்வூதியத்தில் சேர்த்துவைத்துக் கட்டிய ₹93,600. கூப்பனை ஏற்கவில்லை. ஏற்றுக்கொண்டால் விவகாரம் முடிந்தது என்று எழுதி வாங்குவார்கள். உங்களுக்கு வந்தாலும் தொடாதீர்கள்.

விலைச்சீட்டையும் அதன் பிறகு நிதானமாகப் பார்த்தோம். தலைப்பில் ‘பிரைவேட் லிமிடெட்’. ஜிஎஸ்டி எண்ணில் ஆறாவது எழுத்து ‘பி’. 15 இலக்க எண்ணில் முதல் இரண்டு மாநிலக் குறி, தமிழ்நாட்டுக்கு 33. மூன்று முதல் பன்னிரண்டு வரை பான் எண். ஆகவே ஆறாவது இடத்தில் இருப்பது பானின் நான்காவது எழுத்து. கம்பெனி என்றால் அது ‘சி’, கூட்டு நிறுவனம் என்றால் ‘எஃப்’, தனிமனிதர் என்றால் ‘பி’. அதாவது கம்பெனி என்று தலைப்புப் போட்டுவிட்டுத் தனியாள் கணக்கில் வாங்கியிருக்கிறார்கள். ஜிஎஸ்டி தளத்தில் எண்ணைப் போட்டால் பதிவான பெயர் இலவசமாகத் தெரியும்.

இப்படிப்பட்ட குழுப் பயணத்தை எப்படித் திட்டமிடுவது என்று முழுதாக எழுதத்தான் உட்கார்ந்தேன். இப்போதைக்கு அவசரமானவை மட்டும்.

சாவி வைத்திருப்பவரின் குரலைக் கேட்காமல் வீட்டு நுழைவுக்குப் பணம் கட்டாதீர்கள். காவல்காரர் எண்ணும் பொறுப்புப் பங்காளி எண்ணும் தர மறுக்கும் ஏற்பாட்டாளரிடம் அனுமதி இல்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள். கிளம்புவதற்கு முந்தைய நாள் மாலை மறுபடி அழையுங்கள்.

பஞ்சாங்கம் பாருங்கள். தையிலும் மாசியிலும் முகூர்த்த நாளைத் தவிருங்கள். நகரத்தார் கோயில்களைக் காலையில் முடியுங்கள், நண்பகலில் நடை சாத்திவிடுவார்கள்.

நுழைவு, சாப்பாடு, வழிகாட்டி மூன்றுக்கும் தனித்தனி ஆளிடம் தனித்தனியாகப் பணம். சாப்பாட்டுக்கு முன்பணம் போக மிச்சம் இலை போட்ட பிறகுதான்.

பணம் போய்விட்டால்: மோசடி என்று தெரிந்த உடனே இணையப் பண மோசடிக்கான உதவி எண் 1930. சேவைக் குறைபாடு என்றால் நுகர்வோர் உதவி எண் 1915. இணையதளத்தின் குறைதீர் அலுவலருக்கு எழுத்தில் புகார் அனுப்புங்கள். 2020 மின்வணிக விதிகளின்படி 48 மணி நேரத்தில் புகார் கிடைத்தது என்ற பதிலும் ஒரு மாதத்துக்குள் தீர்வும் தர வேண்டும். தராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். ₹5 லட்சம் வரை கட்டணம் இல்லை, 2 ஆண்டுக்குள் போட வேண்டும், நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே போடலாம்.

அதே இணையதளத்தில், அதே மூன்று வீடுகளின் படத்தோடு, மாசி மாதத்துக்கு இன்றும் ஆள் சேர்க்கிறார்கள். தலைக்கு ₹2,600 என்று பார்த்து யாராவது கட்டியிருந்தால் இன்றைக்கே எழுதி, காவல்காரர் எண்ணைக் கேளுங்கள்.